சங்காயம்

விசைப்படகு நாள்.
மண்டபம் ஐஸ் கம்பெனியில் விடியக்காலம் மூன்றரை.
பில் புத்தகத்தின் கார்பனுக்கு அடியில்
என்னுடைய தாள் ஒன்றைச் செருகிவைத்திருக்கிறேன்.
மேல்தாளில் லெரின் படகு, நாற்பது பார், பாக்கி.
அடித்தாளில் அதே பாக்கி நீலமாய் மங்கி விழ,
அதன்மேல் எழுதுகிறேன்:
ரெட்டிசென்ட். லேசில் வாய் திறக்காதவர்.

சொல்லை ஓர் ஆளோடு கட்டிவை, மறக்காது என்கிறது கைடு.
கட்டினேன்.
ரெட்டிசென்ட், சம்பள உயர்வு கேட்டால் முதலாளி.
கார்ருலஸ், ஐஸ் உடைக்கும் மெஷின்;
அதைவிட, மெஷின் ஓட்டும் முனியராஜ்.
ஃப்ரூகல், இருபதாம் தேதிக்குப் பிறகு நான்.
டெம்பரமென்ட்டுக்கு ஆள் வேண்டாம்.
ரோட்டுக்கு வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்.
சும்மா கிடப்பது பெண், அடிப்பது ஆண் என்று
பெயர் வைத்தவரின் நோக்கம் என்ன?
அதற்கு நாலு விடை கொடுத்து
ஒன்றைத் தேர்ந்தெடு என்று யாரும் கேட்பதில்லை.

ஐந்து மணிக்குக் கீழக்கரையிலிருந்து ஷிஃபானாவின் குரல் வரும்.
மொட்டைமாடியில் டவர் கிடைக்கிற ஒரே மூலை,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்.
"எஃபெமரல். வாக்கியத்தில் வை."
பாங்கு சொல்வார்கள். நிறுத்திக்கொள்வாள்.
முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து:
"ஜெபிஷா, ஐஸுன்னு மட்டும் சொல்லாதே.
எல்லாத்துக்கும் நீ ஐஸுதான் சொல்றே."
நான் அதைத்தான் சொல்ல இருந்தேன்.

அவளுக்குச் சொல் வராமல் இருந்ததில்லை.
எனக்கும் சொல் பரவாயில்லை, பத்திதான் சிக்கல்.
நாற்பது நிமிஷம், நாலு பத்தி,
தப்பானால் கால் மார்க் போச்சு.
போன வாரம் மாதிரித் தேர்வில் மூன்றாவது பத்தி
ஏதோ வடக்குக் கடல், இழுவலை, குளிர்.
படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது,
சொந்தக்காரரை வெளியூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்த மாதிரி.
பைகேட்ச் என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டு
ஆசிரியர் இதை எதற்காகக் குறிப்பிடுகிறார் என்றிருந்தது.

எனக்கா தெரியாது?
சங்காயம்.
கேட்காமல் வலையில் ஏறி வந்தது.
விரல் நீளக் காரல், ஓடு இறுகாத நண்டு,
பெயர் தெரியாத முட்கள், எப்போதாவது ஒரு கடல்குதிரை.
காயப்போடும் திடலுக்கு லாரி ஏறும்,
அங்கிருந்து கோழித்தீவனம்.
ஏறுமுன் குழந்தைதெரசா அக்கா குந்தி உட்கார்ந்து
விற்கிற மாதிரி இருப்பதைப் பொறுக்கி எடுப்பாள்.
அந்தக் காசில்தான் அவள் மகன் ஐ.டி.ஐ. போகிறான்.

பிழைப்பு என்பதைக் குறித்தேன், ஆப்ஷன் சி.
விடைக்குறிப்பு ஏ என்றது. வீணடிப்பு.
கீழே சின்ன எழுத்தில் விளக்கம்:
உங்களுக்குத் தெரிந்ததை வைத்து விடையளிக்காதீர்கள்.
பத்தியில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் கோபமாக இருந்தேன்.
அதற்கான சொல்லும் அந்த வாரப் பட்டியலில் இருந்தது, இன்டிக்னன்ட்.
பிறகு பத்தியைத் திரும்பப் படித்தேன்.
படகில் ஏறாதவர் எழுதியதுதான்,
ஆனால் பொய் இல்லை.
அந்தக் காரல் குஞ்சுகள் வளர்ந்திருந்தால்
லெரின் படகுக்கு நாற்பது பார் போதாது.
அக்காவும் சரி. ஏ-யும் சரி.
இரண்டும் சரி என்றொரு ஆப்ஷன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் சென்டர்.
ஷிஃபானா ராமநாதபுரத்தில் பஸ் ஏறுவாள், இடம் போட்டு வைக்க வேண்டும்.
ஹால் வாசலில் பை, செல்போன், கைக்கடிகாரம்
எல்லாம் வாங்கி வைத்துக்கொள்வார்களாம்.
கடலையும் அங்கேயே கொடுத்துவிட்டு
டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மணி ஐந்தே கால்.
கடைசிப் படகும் ஐஸ் ஏற்றிப் போய்விட்டது.
டைமரைப் போட்டு முதல் வரியில் விரல் வைக்கிறேன்.
நேற்றே போயிருக்க வேண்டிய சங்காய லாரி
ஜன்னலோரம் ஒழுகிக்கொண்டே போகிறது.
முனியராஜ் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ சொல்கிறான்.
எனக்குக் கேட்கவில்லை.
முப்பத்தொன்பது நிமிஷம் இருக்கிறது.